சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் பிடிப்பது எப்படி?

காரைக்குடியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடல் தாண்டி இருக்கும். அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு. இப்போது சிங்கப்பூர், டல்லாஸ், சான் ஹோசே. பேரன் பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆச்சிமார் டிக்கெட் கணக்கு முடிந்ததும் தவறாமல் கேட்பார்கள்: “ஏன் தம்பி, சீட்டுக்கு முன்னாடி இருக்கிற டிவியில பார்த்தேன். பிளேன்காரன் நேரா போகாம மேல ஏறிச் சுத்திக்கிட்டுப் போறானே, எண்ணெய் வீணாகாதா?”

வாயால் விளக்கினால் இது யாருக்கும் ஏறாது. ஒரு குளோபும் கொஞ்சம் நூலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதையும், அதற்குப் பிறகு கால்குலேட்டரில் தூரம் போடுவதையும், அந்தத் தூரத்தை வைத்து எந்த ஊர் வழியாக டிக்கெட் எடுப்பது என்று பார்ப்பதையும் இங்கே சொல்கிறேன். கடைசியில் சொன்னதுதான் காசுக்கு ஆகிற விஷயம்.

முதலில் குளோப். 30 சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் வசதி. பென்சில் டப்பா பக்கத்தில் வைக்கிற சின்னக் குளோபில் ஊர்களே தெரியாது. புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. என்னுடையது முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடையில் எடுத்தது. சோவியத் யூனியன் இன்னும் உடையவில்லை, சென்னை இன்னும் மெட்ராஸ். தேச எல்லைகள் மாறினால் என்ன, ஊருக்கு ஊர் தூரம் மாறவில்லையே. வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: உருண்டையைத் தாங்குகிற அரைவட்டக் கம்பியிலிருந்து அதைக் கழற்ற முடிய வேண்டும். நம் ஊரிலிருந்து அமெரிக்கா போகும் வழிகள் எல்லாம் வடக்கே வெகுதூரம் ஏறும், சில வட துருவத்தை ஒட்டியே போகும். கம்பி அங்கேதான் நூலை மறிக்கும்.

நூல் என்றால் டெய்லர் கடையில் கிடைக்கும் சாதாரணத் தையல் நூல். கம்பளி நூல் இழுபடும், சணல் தடிமன். இரண்டும் வேண்டாம்.

நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் வைத்து செல்லோ டேப் ஒட்டுங்கள். மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோ மேல் விரலால் லேசாக அழுத்திக்கொண்டு, நூலை மெதுவாக இழுத்துத் தொய்வை எடுங்கள். ஆரம்பத்தில் நூலை ஜப்பான் வழியாகவே பிடித்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இழுக்க இழுக்க அது அங்கே நிற்காது. வடக்கே வழுக்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் விறைப்பாக உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் நகராது. உருண்டையின் மேல் அந்த இரண்டு ஊருக்கும் அதைவிடக் குறைந்த வழி கிடையாது.

இப்போது நூல் எதன் மேல் போகிறது என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சென்னையை விட்டு வடக்கு வடகிழக்காகக் கிளம்பி, மசூலிப்பட்டினம் பக்கம் ஆந்திரக் கரையேறி, ஒடிசா, பீகார் கடந்து, எவரெஸ்ட் சிகரத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு திபெத்துக்குள் நுழைகிறது. அப்புறம் மங்கோலியா, பைகால் ஏரியின் வட முனை, சைபீரியா. சைபீரியாவின் கிழக்குக் கோடியில் கிட்டத்தட்ட 69 டிகிரி வடக்கு வரை ஏறுகிறது. அங்கிருந்துதான் இறக்கம். பெரிங் நீரிணைப் பக்கம், அலாஸ்கா, அலாஸ்கா வளைகுடா, சான் பிரான்சிஸ்கோ. வழியில் ஜப்பானும் இல்லை, ஹவாயும் இல்லை.

நூலின் நீளம் 33 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதே நூலால் பூமத்திய ரேகையை ஒரு சுற்றுச் சுற்றி அளந்தால் சுமார் 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். 40,000-ஐ 94-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர் சொச்சம். அதை 32.8-ஆல் பெருக்குங்கள், 13,900 சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கும். குளோப் கம்பெனிக்காரன் அச்சிட்டிருக்கும் அளவுகோலை நம்புவதைவிட, இப்படிப் பூமத்திய ரேகையை அளந்து வகுப்பதே சரி.

நூல் கிடந்த அந்தக் கோடு ஒரு பெருவட்டத்தின் துண்டு. பரங்கிக்காயை நட்ட நடுவாக இரண்டு சமக் கூறாக வெட்டினால், வெட்டின விளிம்பு அந்தக் காயின் மேல் போடக்கூடிய ஆகப் பெரிய வட்டம். பெருவட்டம் என்பது அதுதான்: பூமியின் மையம் வழியாக வெட்டு விழ வேண்டும், சாய்வு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். பூமத்திய ரேகை ஒரு பெருவட்டம். எதிரெதிரான இரண்டு தீர்க்கரேகைகள் சேர்ந்தால் ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் பெருவட்டம் இல்லை, அவற்றின் வெட்டு மையம் வழியாகப் போவதில்லை. அதனால்தான் ஒரே அட்சரேகையில் இருக்கும் இரண்டு ஊருக்குக்கூட அந்த ரேகையைப் பிடித்தபடி போவது குறுக்கு வழி ஆகாது. பூமத்திய ரேகை மட்டும் விலக்கு.

அப்படியானால் டிவியில் ஏன் வளைவாகத் தெரிகிறது? குறை தட்டைப் படத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் உலகப் படங்களில் பெரும்பாலானவை 1569-இல் மெர்கேட்டர் போட்டுக் கொடுத்த முறையிலோ அதற்குச் சொந்தக்கார முறையிலோ வரைந்தவை. கப்பல்காரனுக்காகச் செய்த படம் அது. அதில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு நெடுகத் திசைகாட்டி முள் ஒரே கோணத்தைக் காட்டும். பாய்மரக் கப்பல் ஓட்டுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த வசதிக்கு விலையாக வடக்கே போகப் போக நாடுகள் ஊதிப் பெருத்துவிடும். படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்காவுக்குள் பதினாலு கிரீன்லாந்தை அடக்கலாம்.

அந்தப் படத்தில் சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே நேர்கோடு போட்டு, அதே கோட்டில் பறந்தால் என்ன ஆகும்? பர்மாவின் மோல்மீன், வியட்நாம், பிலிப்பைன்ஸின் வட கோடி என்று போய்ப் பசிபிக் கடல் முழுக்கத் தாண்ட வேண்டும். மோல்மீனில் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர்களின் பேரன்மாருக்கு இந்தப் பாதை பிடிக்கலாம். ஆனால் நீளம் 15,900 கிலோமீட்டர். நூல் காட்டிய வழியைவிட 2,000 அதிகம், விமானத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் ஓட்டம்.

நூலை வைத்து அந்த வளைவை நீங்களே தட்டைப் படத்தில் வரையலாம். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செய்து பாருங்கள். நூல் எந்தத் தீர்க்கரேகையில் எந்த அட்சரேகையைத் தொடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்: கிழக்கு 85-இல் வடக்கு 24, கிழக்கு 100-இல் 47, 110-இல் 56, 130-இல் 65, 165-இல் 69. தேதிக் கோட்டைத் தாண்டி மேற்கு 160-இல் 65, மேற்கு 140-இல் 56. இந்தப் புள்ளிகளை அட்லஸில் வைத்துச் சேர்த்தால் ஆச்சி டிவியில் பார்த்த வளைவு அப்படியே வரும். அட்லஸ் பசிபிக் கடலை நடுவில் வைத்ததாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கோடு வலது ஓரத்தில் வெளியேறி இடது ஓரத்தில் உள்ளே வரும், பிள்ளைகள் குழம்பும்.

அடுத்தது கணக்கு. போனில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். அது டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியன் என்ற வேறு அலகில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டுமானால் கூகுள் மேப்ஸில் ஓடுதளத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் காட்டும். முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. தெற்கும் மேற்கும் மைனஸ்.

சூத்திரம் இது:

கோசைன்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + கோசைன்(அட்சம் 1) × கோசைன்(அட்சம் 2) × கோசைன்(தீர்க்க வித்தியாசம்)

கிடைத்த எண்ணுக்குத் தலைகீழ் கோசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) போட்டால் கோணம் டிகிரியில் வரும். அதை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். பெருவட்டத்தில் ஒரு டிகிரிக்கு அவ்வளவு தூரம்.

நமக்குப் பழகின திருச்சி–சிங்கப்பூரைப் போடுவோம். திருச்சி 10.77, 78.71. சிங்கப்பூர் 1.36, 103.99. தீர்க்க வித்தியாசம் 25.28. முதல் பெருக்கல் 0.0044, இரண்டாவது 0.8881, கூட்டினால் 0.8925. தலைகீழ் கோசைன் 26.81 டிகிரி. 111.2-ஆல் பெருக்கினால் 2,981 கிலோமீட்டர். இதே இரண்டு ஊருக்கும் தட்டைப் படத்துக் கோட்டின் நீளத்தைக் கணக்கிட்டால் வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூடத் தேறாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் படம் அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை. சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் யாரும் என்னிடம் அந்தக் கேள்வி கேட்காததற்குக் காரணம் இதுதான்.

சென்னை–சான் பிரான்சிஸ்கோ: 12.99, 80.17 மற்றும் 37.62, மைனஸ் 122.38. வித்தியாசம் 202.55. இது 180-ஐத் தாண்டிவிட்டதே என்று பயந்து 360-இலிருந்து கழிக்க வேண்டாம், கோசைன் இரண்டுக்கும் ஒன்றுதான். கூட்டுத்தொகை மைனஸ் 0.5756, கோணம் 125.14, தூரம் 13,915 கிலோமீட்டர். நூல் சொன்னதும் இதைத்தான். பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது. அதனால் துல்லியமான கணக்கில் பத்து இருபது கிலோமீட்டர் ஏறி இறங்கலாம். டிக்கெட் வாங்குகிறவர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குக் கூகுள் எர்த்தில் ரூலர் இருக்கிறது. இரண்டு ஊரைத் தொட்டால் பெருவட்டக் கோட்டையே போட்டுத் தூரமும் சொல்லிவிடும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தில் விமான நிலையக் குறியீடுகளை மட்டும் கொடுத்தால் போதும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். நானும் அவசரத்துக்கு அதைத்தான் பார்ப்பேன். ஆனால் ஒரு தடவையாவது நூல் பிடித்துப் பார்த்தவருக்குத்தான் திரையில் வரும் கோடு புரியும்.

இனி டிக்கெட். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் ஊருக்கு ஒரு பெருவட்டம், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பெருவட்டம், இரண்டையும் கூட்டுங்கள். நேர் தூரம் 13,915-ஐவிட எவ்வளவு கூடுகிறதோ அதுதான் உண்மையான சுற்று. படத்தைப் பார்த்து மனதில் போடும் கணக்கை இது அடியோடு புரட்டிவிடும்.

டெல்லி வழியாக 14,140. நூற்றுக்கு இரண்டுகூடச் சுற்று இல்லை, ஏனென்றால் டெல்லி அந்தக் கோட்டை விட்டு ரொம்ப விலகவில்லை. ஹாங்காங் வழியாக 14,840, நூற்றுக்கு ஏழு. துபாய் வழியாக 15,950, நூற்றுக்குப் பதினைந்து. சிங்கப்பூர் வழியாக 16,500. லண்டன் வழியாக 16,850, நூற்றுக்கு இருபத்தொன்று. அமெரிக்காவின் மேற்குக் கரைதானே, கிழக்கே சிங்கப்பூர் போய் அப்படியே பசிபிக் தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். கணக்கில் துபாயே அதைவிடக் கிட்டம். மேற்கே இறங்குகிற துபாய் எப்படி? துபாய்க்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தீர்க்க வித்தியாசம் 178 டிகிரி, கிட்டத்தட்ட நேர் எதிர்த் தீர்க்கரேகை. நூல் வைத்தால் அது வட துருவத்துக்கு 200 கிலோமீட்டர் பக்கத்தில் போகும். குளோபின் கம்பியைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால், ஹாங்காங்குக்கும் லண்டனுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் நேரம் வித்தியாசப்படும். இடையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சுற்றைவிட, மாறும் நிலையத்தில் எவ்வளவு நடை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். வீல்சேர் கேட்டு வாங்கினாலும் நள்ளிரவில் ஆறு மணி நேரம் உட்கார்வது உட்கார்வதுதான்.

இதுவரை சொன்னது பூமிக்கு மேல் வெறும் உருண்டைக் கணக்கு. விமானம் அப்படியே அந்தக் கோட்டில் போகுமா என்றால், அநேகமாகப் போகாது. எவ்வளவு விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று பார்ப்பது இன்னும் சுவாரசியம்.

முதல் காரணம் நம் நூல் தொட்ட திபெத். விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலே இருந்து தொங்கும் ஆக்ஸிஜன் முகமூடி கால் மணி நேர அளவுக்குத்தான் தாங்கும். திபெத்தின் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பீடபூமியை ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் போகின்றன. டெல்லி வழிக்கு நான் சொன்ன 14,140 காகிதத்தில் மட்டும் நிற்பதற்கு இதுவே காரணம். டெல்லியிலிருந்து போடும் கோடும் இமயமலையைத் தாண்டித்தான் போகிறது.

இரண்டாவது காற்று. 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அது முதுகில் தள்ளினால் நீண்ட வழியே சீக்கிரம் முடியும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கத்திலிருந்து பசிபிக் பக்கத்துக்கு மாற்றியது இதற்காகத்தான். தூரம் 13,900-இலிருந்து 15,300 கிலோமீட்டராகக் கூடியது. நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. பெருவட்டம் தூரத்துக்குத்தான் குறுக்கு, நேரத்துக்கு இல்லை. போகும்போதும் வரும்போதும் டிக்கெட்டில் மணிக்கணக்கு வேறுபடுவதற்கும் இந்தக் காற்றே காரணம். என்னிடம் அதை அச்சுப்பிழை என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு.

மூன்றாவது மனிதன் போட்ட வேலி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களுக்கு மூடியது. நம் நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த வானத்தின் மேல்தான் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டி வந்தது. ஆகவே ஒரே இரண்டு ஊருக்கு ஒரு கம்பெனி விமானமும் இன்னொரு கம்பெனி விமானமும் வேறு வேறு வழியில் போகலாம். இது தவிர, இரட்டை என்ஜின் விமானம் அவசரத்துக்கு இறங்க ஏதாவது ஒரு விமான நிலையம் குறிப்பிட்ட நேர எல்லைக்குள் எப்போதும் இருந்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. துருவப் பக்கம் போகும்போது அது ரொம்ப முக்கியம்.

இத்தனை தடைக்கும் நடுவே வட துருவத்தின் பக்கமே போய் வந்த விமானங்களும் உண்டு. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் நேரடி விமானத்தை, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே வட துருவம் வழியாக ஓட்டி வந்தார்கள். அந்த இரண்டு ஊருக்கும் பெருவட்டம் போட்டுப் பாருங்கள், சுமார் 13,990 கிலோமீட்டர் வரும். பெங்களூரு 13.20, 77.71.

உங்கள் வீட்டாள் போகும் விமானம் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க ஃபிளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டு, போன வழியைப் பாருங்கள். அதே எண்ணில் முந்தைய சில நாட்களின் வழியையும் காட்டும். பக்கத்தில் பெருவட்டக் கோட்டை வைத்து ஒப்பிடுங்கள். நாளுக்கு நாள் கோடு கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தால் அது பெரும்பாலும் காற்று. தினமும் ஒரே இடத்தில் முறித்துக்கொண்டு திரும்பினால் அங்கே மலையோ மூடிய வானமோ இருக்கும், குளோபைத் திருப்பிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.